மூன்றாவது லெவலில் ஒரு பேய்

வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான், அதையும் குற்றாலிங்கம் தன் வாயாலேயே சொல்லித் தொலைத்திருந்தான். தென்காசியில் ஏறியதும் சன்னலோரம் பிடித்துக்கொண்ட கோமதி, செங்கோட்டை வரைக்கும் போனில் யார் வீட்டு விசேஷத்திலோ யாரோ கட்டியிருந்த பட்டுப்புடவைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பகவதிபுரம் தாண்டி மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, "ச்சை, நெட்டு போயிட்டு" என்று போனை மடியில் போட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகவே பிறவி எடுத்தவன் மாதிரி லிங்கம் சட்டென்று நிமிர்ந்து, "நெட்டு இல்லாட்டியும் என் கேம் ஓடும், தெரியும்லா?" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் புனலூரில் கட்டிய வீட்டுக்கு நாளைக் காலை பால்காய்ப்பு, போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது, எதிர்சீட்டு அம்மாள் சாக்குப் பைமேல் சாய்ந்து கண்ணை மூடியாயிற்று, பேச்சுத்துணையும் இல்லை. "சரி, அந்த அதிசயத்தத்தான் பாப்பமே" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் செய்த ஒரு கேமைக்கூட அவள் விளையாடியதில்லை. அவசர அவசரமாக அவன்தான் சொன்னான், "ஒண்ணு மட்டும். நீ விளையாடும்போது நான் எதுவும் சொல்ல மாட்டேன். என்ட்ட கேக்கவும் கூடாது. எங்க ஆளுக வழக்கம் அது" என்று. "இது நல்லாருக்கே, இதே வழக்கத்த வீட்டுலயும் வச்சிக்கிடலாம்லா" என்று அவள் சிரித்துக்கொண்டே போனை நிமிர்த்தினாள். வழக்கம் உண்மைதான். உலகம் முழுக்க அவனைப்போல ஆபீஸ் வேலை முடிந்து வந்து ஆசைக்கு கேம் செய்கிறவர்கள் கூடுகிற ஒரு இணையதளம் இருக்கிறது, அங்கே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது இதைத்தான்: புதிதாக ஒருவர் உன் கேமை விளையாடும்போது வாயைப் பொத்திக்கொள், கையைக் கட்டிக்கொள், ஸ்கிரீனைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பார். லிங்கம் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைப் பார்க்கத் தயாரானான். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஸ்கிரீனைப் பார்த்தான். துளியின் தலையில் உருமா இல்லை.

உருமா இல்லை. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துளிக்குச் சிவப்புத் துண்டில் உருமா கட்டினானே, அது எங்கே? கேமின் கதாநாயகன் ஒரு தண்ணீர்த் துளி. மேல்நிலைத் தொட்டியில் பிறந்து, ஊர்க் குழாய்களுக்குள் உருண்டு குதித்து, துருவுக்குத் தப்பி, திருட்டு மோட்டார்களுக்கு டிமிக்கி கொடுத்து, தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் போய்ச் சொட்ட வேண்டும். குடிநீர் வாரியத்தில் பைல் தள்ளுகிறவனுக்கு வேறு என்ன வீரக்கதை வரும்? அந்தத் துளி உருமா இல்லாமல் மொட்டையாக நின்று அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. பழைய துளி. அப்படியானால் பழைய கேம். அப்படியானால் மூன்றாவது லெவலில் பழைய பேய். இது எப்படி நடக்கும், ஸ்டேஷனில் நெட்டு கொழித்துக் கிடந்தபோது அவனே அவள் போனை வாங்கி, புதுசு இறங்கட்டும் என்று கேமை ஒருமுறை திறந்தானே, வட்டம் சுற்றியது, அதற்குள் வண்டி வந்துவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், திறந்தது திறந்ததுதானே. நெட்டு இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக அவன் கேமுக்குள் ஒரு ஆளை வைத்திருந்தான். ஆள் என்றால் ஆள் இல்லை, பத்திருபது வரி நிரல். குடோனைக் காக்கிற ஆள் மாதிரி என்று லிங்கம் மனசுக்குள் அவரைக் கிட்டங்கிக்காரர் என்று கூப்பிடுவான். முதல் தடவை கேமைத் திறந்ததும் படம், சத்தம் எல்லாவற்றையும் அந்தப் போனுக்குள்ளேயே கிட்டங்கியில் அடுக்கிப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு எது கேட்டாலும் கடைக்குப் போகாமல் கிட்டங்கியிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். புதுச் சரக்கு வந்திருக்கிறது, பழையதை வெளியே கொட்டு என்று அவருக்குச் சொல்ல ஒரே வழி, நிரலின் தலைப்பில் இருக்கும் ஒரு எண்ணை மாற்றுவது. உருமா கட்டினான். பேயின் குரலை மாற்றினான். எண்ணை மாற்றினானா? அந்த ஞாயிற்றுக்கிழமையை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். எண்ணை மாற்றவில்லை. போன மாசம் அவன் லிங்க் அனுப்பியபோது கோமதி கடனே என்று ஒருமுறை திறந்து, அதற்குள் அடுப்பில் பால் பொங்கி, போட்டுவிட்டு ஓடினாள். அன்றைக்குக் கிட்டங்கிக்காரர் வாரி அடுக்கியதுதான் இன்றைக்கும் அவள் கையில் இருக்கிறது. நெட்டு இல்லை, இனி புனலூர் வரைக்கும் மாற்ற முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தோம் என்று அவன் ஒரு வாரம் பூரித்துத் திரிந்த வேலை, அந்தக் கிட்டங்கிக்காரர்.

பேயின் குரல் என்றால் கோமதியின் குரல். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, அப்போதைக்கு என்று வைத்ததுதான். இந்த வேலையில் எல்லாமே முதலில் அப்போதைக்குத்தான்; மரம் வரையத் தெரியாவிட்டால் அப்போதைக்கு ஒரு பச்சைக் கட்டம், பாட்டுக்கு அப்போதைக்கு ஒரு சீழ்க்கை, பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாம் என்று. மூன்றாவது லெவலின் முடிவில் வால்வுத் தொட்டிக்குள் ஒரு பேய் உட்கார்ந்து வால்வை இறுக்கிக்கொண்டிருக்கும், துளி பக்கத்தில் வந்தால் கத்த வேண்டும், அதன் தலையில் குதித்துக் குதித்து அமுக்கினால் வால்வு திறக்கும். கத்துவதற்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. அவனே மொட்டைமாடியில் நின்று கத்திப் பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டதோடு சரி. அப்போதுதான் போனில் அந்த வாய்ஸ் மெசேஜ் கண்ணில் பட்டது. ஐப்பசி மழையில் ஒருநாள் கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து பரீட்சைப் பேப்பர் கட்டோடு புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அவன் மாடி அறையில் துளியைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தான், போன் கீழே சத்தமில்லாமல் கிடந்தது. கடைசியில் ஒரு மெசேஜ்: "எங்க இருக்கீய? எவ்ளோ நேரமா கூப்பிடுதேன்! காதுல விழுதா இல்லயா?" கணக்கு டீச்சர் குரல், கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து நின்றுவிடுகிற குரல். அதற்குப் பின்னால் மழைக்குள் ஒரு கண்டக்டர், கடையம் ஆழ்வார்குறிச்சி அம்பை, கடையம் ஆழ்வார்குறிச்சி அம்பை. அதை அப்படியே தூக்கி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து வைத்தான். பேய் எழுந்து நின்றது. அதுவரைக்கும் பச்சைக் கட்டமாக இருந்த ஜந்துவுக்கு உயிர் வந்த மாதிரி அவனுக்கே முதுகு சிலிர்த்தது. தளத்தில் போட்டபோது பிரேசிலிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான், அந்தப் பேய்க்காகவே மூன்றாவது லெவலைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறேன், யார் அந்த நடிகை, கடைசியில் ஒரு மந்திரம் ஓதுகிறார்களே அதற்கு என்ன அர்த்தம் என்று. கடையம் ஆழ்வார்குறிச்சி அம்பை. லிங்கம் ஒரு நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தான். சிரித்து முடித்தபோதுதான் இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தோன்றியது. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொல்ல முடியாத ஒரே விஷயமாக அது இருந்தது, அதற்குப் பயந்துதான் போன வாரம் குக்கர் விசில் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு அங்கே வைத்தான்.

வண்டி குகைக்குள் நுழைந்தது. இந்தத் தடத்திலேயே நீளமான குகை, பெட்டிக்குள் சத்தமும் இருட்டும் டீசல் வாடையும் ஒன்றாக வந்து நிறைந்தன, யாரோ வாலிபர்கள் ஹோ என்று கத்தினார்கள். கோமதியின் முகத்தில் மட்டும் நீல வெளிச்சம். முதல் லெவலில் துளியை இடது பக்கம் நடத்திச் சுவரில் முட்டவிட்டாள், திரும்ப முட்டவிட்டாள், வலது பக்கம் என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டான். ஆபீசில் ஒருமுறை பக்கத்து சீட்டு இப்ராகிமிடம் விளையாடக் கொடுத்து, இங்க தாண்டு, அங்க அமுக்கு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கேமை லிங்கமே விளையாடி முடித்து, இப்ராகிம் டீ குடிக்கப் போய்விட்டார். வேண்டாம். அவளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்துவிட்டாள், வலது பக்கம் திரும்பியாயிற்று, முதல் பள்ளத்தைத் தாண்டியாயிற்று, உதட்டை ஒரு ஓரமாகக் கடித்திருக்கிறாள், வீட்டில் ஊசியில் நூல் கோர்க்கும்போது வருகிற முகம் அது. தன் கேமுக்கு அந்த முகம் வந்ததில் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அடுத்த நொடியே, ஐயையோ, இவ்வளவு சுறுசுறுப்பாகப் போனால் பேயிடம் போய்விடுவாளே என்று பயம். இத்தனை நாள் எதை வேண்டினானோ அதுவே வேண்டாம் என்று இப்போது வேண்ட வேண்டியிருக்கிறது. இவளுக்கும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஆகாது என்று அவனாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, "உங்க மாடி வீட்டுக்காரி" என்று கம்ப்யூட்டரைக் கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். ஆபீசில்தான் எல்லோரும் கேட்பார்கள், இதில் என்ன வருமானம் என்று. ஒரு வருமானமும் இல்லை. காலேஜ் படிக்கும்போது கூலக்கடை பஜார் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், எதையோ தெரியாமல் அமுக்கியதில், பார்த்துக்கொண்டிருந்த இணையப் பக்கத்தின் உள்பக்கம், அதன் நிரல், திறந்துகொண்டது, வெள்ளைத் திரையில் எழுத்தெழுத்தாக. எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து சுற்றிப் பார்த்தான். ஒன்றும் உடையவில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும் அதன் உள்பக்கத்தை யார் கேட்டாலும் அது காட்டும், ஒளிப்பதில்லை, ஒரு எழுத்தை மாற்றினால் நிறம் மாறும். உலகத்தில் வேறு எதுவும் அவனிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. அன்றைக்கு ஏறிய பித்து இன்னும் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையும் இல்லை.

குகை முடிந்து வெளிச்சம் கொட்டியபோது முதல் லெவல் முடிந்திருந்தது. "ஏய், முடிச்சிட்டேன்!" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அவன் தலையைக்கூட ஆட்டாமல் இருந்தான், தலையாட்டுவதும் பேச்சுத்தான். இரண்டாவது லெவல் திருட்டு மோட்டார்கள். இது கஷ்டம். இதில்தான் எல்லோரும் விழுவார்கள், தளத்தில் பாதிப்பேர் இங்கேயே விட்டுவிட்டுப் போனதாக எழுதியிருந்தார்கள், இதைக் கொஞ்சம் லேசாக்க வேண்டும் என்று அவனும் நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தான், தள்ளிப்போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. இங்கேயே நில்லு கோமதி, இங்கேயே சாவு, அதாவது துளி சாகட்டும். மோட்டார் துளியை உறிஞ்சியது. "அடப்பாவி" என்றாள். மறுபடியும் உறிஞ்சியது. லிங்கம் சன்னலுக்கு வெளியே தேக்கு மரங்களைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டான், விட்ட மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் அவள் மூன்றாவது தடவை துளியை நகர்த்தவே இல்லை. சும்மா நிறுத்திவைத்துவிட்டு மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் முழங்காலில் தாளம் போட்டாள். முதல் மோட்டார் நீளமாக இழுத்து நிற்கும், இரண்டாவது அதில் பாதி, மூன்றாவது அதிலும் பாதி. அதை அப்படி அமைத்தபோது யாராவது கவனிப்பார்களா என்று ஆசைப்பட்டிருக்கிறான். ஒருவரும் கவனித்ததில்லை, எல்லோரும் முண்டியடித்துத் தாண்டினார்கள். கணக்கு டீச்சர் தாளம் போட்டு எண்ணி, ஒரே மூச்சில் மூன்றையும் தாண்டிவிட்டு, "பாதி பாதியால்லா குறைச்சிருக்கீய!" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசில் சித்தப்பா வீட்டில் டிவியோடு மாட்டுகிற கேம் பெட்டி ஒன்று இருந்தது, கேசட்டை உருவி வாயால் ஊதி ஊதிச் செருகுவார்கள், சித்தப்பா பிள்ளைகள் விளையாட இவன் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான், முறை வரவே வராது. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்துபோயிற்று: இந்தப் பள்ளத்தை இந்த இடத்தில் யாரோ ஒருத்தர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார், நாம் இங்கே விழுவோம் என்று அவருக்குத் தெரியும், விழுந்து எழுந்தால் சிரிப்போம் என்றும் தெரியும். முகம் தெரியாத அந்த ஆள் மேல் அப்போதே ஒரு பிரியம். இப்போது அவன் வைத்த பள்ளத்தை அவன் பெண்டாட்டி கண்டுகொண்டாள், உள்ளே கை விட்டுத் தொட்ட மாதிரி. பேயாவது பிசாசாவது, இந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது. மூன்றாவது லெவல் என்று ஸ்கிரீனில் எழுத்து விழுந்ததும் அந்தத் துணிச்சல் வந்த வழியே போய்விட்டது.

வழி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது, எத்தனையோ இருந்தது, ஒவ்வொன்றும் பக்கத்தில் போனால் சுவராக இருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம், அக்கம்பக்கத்தில் தூங்குகிறார்கள் பார் என்று. ஆனால் வாயைத் திறந்தாயிற்று என்றால் வழக்கம் என்று அவன் சொன்னதெல்லாம் வெறும் பந்தா என்று ஆகிவிடும், ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பாள், அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும், அது அவளுக்குத் தெரியும். இயர்போன் கொடுக்கலாம், அது இன்னும் மோசம், நேராகக் காதுக்குள்ளேயே போய் இறங்கும். முறுக்கு எடுக்கவா என்று பையைக் குடையலாம், எடுத்துக் கொடுத்தால் ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் விளையாடுவாள், அவளைத் தெரியாதா. போனைத் தட்டிவிடலாம், தற்செயலாகப் பட்டது போல. மனசுக்குள்ளேயே தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோபப்படுவாளா? கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, கோமதியின் கோபம் வெயில் மழை மாதிரி, பெய்துகொண்டிருக்கும்போதே விட்டுவிடும். பயம் வேறு. அவள் ஒன்றும் சொல்லாமல் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வரலாம். மழையில் நின்று உங்களைக் கூப்பிட்டேன், அந்தக் குரலை எடுத்துப் பேய்க்குக் கொடுத்து, தலையில் குதித்து அமுக்கச் சொல்லி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினீர்களா என்று அவள் நினைக்கலாம். நினைத்துவிட்டால் இனி ஒருநாளும் அவன் செய்த எதையும் தொடமாட்டாள், மாடிப்படி ஏறி வந்து என்ன பண்ணுதீய என்று கேட்கமாட்டாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவள் அந்தக் கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான், பிரேசில்காரன் போகட்டும், இவள் போக வேண்டும். ஆனால் அங்கே போகிற ஒரே வழி பேயைத் தாண்டித்தான் போகிறது, அப்படிப் போட்டவனும் அவன்தான். அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தான். பதறிப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது அவள் பேப்பர் கட்டைப் புடவைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், முழுக்க நனைந்திருந்தாள், பேப்பர் நனையவில்லை. ஏறி உட்கார்ந்து, "போங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் தப்பித்தோம் என்று விட்டுவிட்டான்.

துளி பிரதானக் குழாயில் உருண்டது. எதிர்சீட்டு அம்மாள் கண்விழித்துச் சாக்குக்குள் கைவிட்டுப் பலாப்பழம் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு குகை வரும், லிங்கம் கணக்குப் போட்டான், சின்னக் குகைகள் ஒன்றிரண்டு பாக்கி இருக்கின்றன, அந்த இரைச்சலில் பேய் கத்தினால் ஒன்றும் கேட்காது, இரண்டு குதி, வால்வு திறந்துவிடும், கதை முடிந்தது. குகை வந்தது. கோமதி அப்போது பார்த்து, ஓட்டைக் குழாயின் ஓரத்தில் துளியை நிறுத்தி, தெறிக்கிற தண்ணீரில் தெரிகிற வானவில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் யாருக்காவது பிடிக்கட்டும் என்று அவன் ஒரு ராத்திரி கண்விழித்து வரைந்ததுதான். "அழகா இருக்கு" என்றாள். நகரு தாயே, நகரு, அழகெல்லாம் அப்புறம் பார்க்கலாம். குகை முடிந்துவிட்டது. அவள் நகர்ந்தாள். வளைவு திரும்பினாள், ஏணியில் இறங்கினாள், வால்வுத் தொட்டிக்குள் ஸ்கிரீன் கறுத்துக்கொண்டே வந்தது, வண்டியும் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, எதற்கோ காத்துக்கொண்டு காட்டு நடுவில் நின்றேவிட்டது. விசிறிகூட நின்ற மாதிரி அவ்வளவு அமைதி. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம், ஒரு பறவை. வலது கட்டைவிரலை அவள் நீட்டினாள். லிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க இருக்கீய? எவ்ளோ நேரமா கூப்பிடுதேன்! காதுல விழுதா இல்லயா?"

பெட்டியில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. எதிர்சீட்டு அம்மாள் கோமதியின் மடியை எட்டிப் பார்த்து, "போன எடுத்துப் பேசு தாயி, யாரோ பாவம் கூப்பிடுதாவ" என்றாள்.

கடையம் ஆழ்வார்குறிச்சி அம்பை, என்றான் போனுக்குள் கண்டக்டர்.

அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதானே வழக்கம், பார்த்தான். உதட்டைக் கடித்திருந்த பல் விலகியிருந்தது. புருவம் சேர்ந்து, பிறகு பிரிந்தது. பேய் மறுபடியும் கத்தியது, அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், யாரோ சொல்கிற கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. துளி பேயின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"இது பஸ் ஸ்டாண்டுல்லா" என்றாள். "மழகூடக் கேக்கு."

அவன் தலையாட்டினான். சொல்ல ஆயிரம் இருந்தது, அப்போதைக்கு வச்சது, மாத்திட்டேன், கிட்டங்கி, எண்ணு, குக்கர் விசில். எதை முதலில் சொல்வது என்று முடிவு பண்ணுவதற்குள் அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று அவன் பதறிக் குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள், சத்தம் வராமல், கண்ணோரம் தண்ணி கட்டிக்கொள்கிற அளவுக்கு. "என்னா குரலு!" என்றாள் மூச்சு வாங்கி. "பிள்ளையெல்லாம் ஏன் இப்படி நடுங்குதுன்னு இப்பல்லா தெரியுது."

லிங்கத்துக்கு அந்த நிமிஷம் எழுந்து நின்று அந்தக் காட்டுக்கே ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. தப்பித்தோம். தப்பித்தோம் என்று அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தான்.

அவள் சிரிப்பு அடங்கி, மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தாள். இடது அம்பைத் தொட்டாள், துளி பின்னால் போயிற்று. வலது அம்பு, முன்னால் வந்தது. குதிக்கிற பட்டன்மேல் விரலைக் கொண்டுபோய், அமுக்காமல் எடுத்துக்கொண்டாள். மூலை முடுக்கெல்லாம் தொட்டுப் பார்த்தாள், எதையோ தேடினாள்.

"இவளுக்குப் பதில் சொல்லணும்னா எத அமுக்கணும்?" என்று கேட்டாள்.

கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தான், கேட்டுவிட்டாள். பதில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தான்.

"பதில் சொல்லுததுக்கு ஒண்ணும் வைக்கலையே கோமதி" என்றான். "தலைல குதிக்கத்தான் இருக்கு."

"அதான்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "அதான் கத்திக்கிட்டே நிக்கா."

வண்டி இன்னும் நகரவில்லை. எதிர்சீட்டு அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேய் மூச்செடுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டது, எங்க இருக்கீய, எவ்ளோ நேரமா கூப்பிடுதேன். அந்த மழையில் நனைந்துகொண்டு நின்றவள்தான் கேட்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. லிங்கம் கோமதியின் முகத்தைப் பார்த்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "இந்தா இருக்கேன்" என்றான்.